புதுக்கோட்டை சமஸ்தானம்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குப் பள்ளிப் பாடநூலில் கிடைக்கும் இடம் ஓரிரு வரிகளே. அதனால்தானோ என்னவோ, சென்னையில் பழைய நாணயங்கள் பற்றியோ, கட்டபொம்மன் பற்றியோ, முத்துலட்சுமி ரெட்டி பற்றியோ பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னது பின்னால் தேவைப்படும் இடங்களில் முன் பதிலையே சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

புதுக்கோட்டை சமஸ்தானம்னா இப்ப இருக்கிற புதுக்கோட்டை மாவட்டம்தானே?

இல்லை. சமஸ்தானம் சிறியது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,178 சதுர மைல், அதாவது சுமார் 3,050 சதுர கிலோமீட்டர். ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற 3 தாலுகாக்களே அதில் இருந்தன. நான்கு புறமும் பிறர் நிலம் சூழ்ந்திருந்ததால் கடற்கரை கிடையாது. 1941 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 4,38,648 பேர்.

இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. பழைய சமஸ்தானப் பகுதியோடு தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கங்களும் அதில் சேர்ந்தன. மாவட்டத்துக்குக் கடற்கரை கிடைத்தது அவ்வாறுதான். எனவே ‘எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆகவே சமஸ்தானத்தில் இருந்தது’ என்று முடிவு கட்டிவிட முடியாது.

ராமநாதபுரம் ராஜா, சிவகங்கை ராஜான்னும் சொல்றோமே, அவங்களும் சமஸ்தானம்தானே?

மரியாதைக்காக அப்படி அழைக்கிறோம். 1803-க்குப் பிறகு ராமநாதபுரமும் சிவகங்கையும் சட்டப்படி ஜமீன்கள். ஜமீன்தார் எவ்வளவு பெரிய அரண்மனையில் வாழ்ந்தாலும், அவருடைய நிலம் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. ஆண்டுதோறும் அரசுக்குப் பேஷ்குஷ் என்ற நிலையான தொகையைக் கட்ட வேண்டும். குடிமக்கள் வழக்காட வேண்டுமானால் அரசின் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

புதுக்கோட்டை அப்படியன்று. அதற்கு உள்நாட்டு நிர்வாகமும், தனி நீதிமன்றங்களும், தனிச் சட்டங்களும் இருந்தன. சென்னை மாகாணத்தின் சட்டம் அந்த எல்லைக்குள் தானாகச் செல்லாது. மன்னருக்கு 11 பீரங்கிக் குண்டு மரியாதை உண்டு. சென்னை அரசின் மேற்பார்வையில் இருந்த சமஸ்தானங்கள் திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர் என்ற ஐந்துதான். அவற்றுள் முழுவதும் தமிழ்நாட்டின் நடுவே அமைந்தது புதுக்கோட்டை ஒன்றே.

தொண்டைமான்னு பேர் இருக்கே, அவங்க நம்ம மெட்ராஸ் பக்கத்து ஆளுங்களா?

அரச குடும்பத்தின் மரபுவழிச் செய்தி அப்படித்தான் சொல்கிறது. முன்னோர்கள் திருப்பதியை ஒட்டிய தொண்டைமண்டலத்திலிருந்து தெற்கே வந்து, அன்பில் பக்கம் தங்கி, பின்னர் கறம்பக்குடி, அம்புக்கோவில் வட்டாரத்தில் நிலைபெற்றார்கள் என்பது அம்மரபு. இது வம்சாவளி வழியாக வந்த செய்தி. கல்வெட்டில் தொடர்ச்சியாகக் காட்டக்கூடியது அன்று. வரலாற்றின் வெளிச்சத்தில் அவர்கள் தென்படும்போது, அந்த வட்டாரக் கள்ளர் சமூகத்தின் தலைவர்களாகவே தென்படுகிறார்கள். சென்னைக்காரர்கள் இதில் பெருமை கொள்வதானால் அளவோடு கொள்ளலாம்.

சரி, ராஜ்யத்தை ஆரம்பிச்சது யாரு?

ரகுநாதராயத் தொண்டைமான். ஆண்டு 1686 என்று வழக்கமாகக் குறிக்கப்படுகிறது. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியாரை மணந்தவர்; முன்பு பல்லவராயர்கள் வசமிருந்த புதுக்கோட்டைப் பகுதியை அவர் மைத்துனரிடம் ஒப்படைத்தார். குளத்தூரில் தொண்டைமான் குடும்பத்தின் இன்னொரு கிளை தனியாக ஆண்டு, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோட்டையோடு இணைந்தது.

சேதுபதிக்கு அடங்கிய சிறு தலைமையாகத் தொடங்கியது, சேதுபதியின் நாடே ஜமீனாகிவிட்ட பின்னும் அரசாக நீடித்தது என்பதுதான் இக்கதையின் விசித்திரம். அதற்கான காரணமே அடுத்த கேள்வி.

இத்துனூண்டு ராஜ்யத்தை வெள்ளைக்காரன் ஏன் முழுங்காம விட்டான்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானதாக நான் கருதுவது இது. விடை திருச்சிராப்பள்ளி முற்றுகையில் இருக்கிறது. 1751 முதல், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலக் கும்பினியும் (கிழக்கிந்தியக் கம்பெனி) மறுபுறம் நின்று திருச்சிக்காகப் போரிட்டபோது, கும்பினி இன்னும் வெற்றி பெறும் கட்சி என்று யாரும் உறுதியாகச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அந்த நேரத்தில் தொண்டைமான் நாட்டிலிருந்து ஆங்கிலேயர் முகாமுக்கு அரிசியும் ஆடுமாடுகளும் படையாட்களும் சென்றன. அதற்குப் பதிலடியாக 1754-இல் பிரெஞ்சுத் தரப்புப் படை தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்து ஊர்களைப் பாழாக்கியது. பின்னர் ஹைதர் அலி படையெடுத்து வந்த 1780-களின் தொடக்கத்திலும் தொண்டைமான் அதே பக்கமே நின்றார்.

கும்பினி வலுப்பெறுவதற்கு முன்பே அதற்கு உதவியவர்கள் மிகச் சிலர். வலுப்பெற்ற பின் வந்து சேர்ந்தவர்களைப் பாளையக்காரர்கள் என்று வைத்து, வரி போட்டு, படையைக் கலைத்த கும்பினி, புதுக்கோட்டையை நட்பு நாடாகவே நடத்தியது, கப்பமும் வாங்கவில்லை. நிலத்தின் தன்மையையும் மறந்துவிடக் கூடாது. தஞ்சைக்கு இருந்த காவிரிப் பாசனம் இங்கே இல்லை. மழையை நம்பிய கண்மாய்களும் செம்மண் மேடுகளும்தான். 1799-இல் தஞ்சையின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது கும்பினிக்குக் கிடைத்த வருவாய், புதுக்கோட்டையை எடுத்தால் கிடைத்திருக்காது. விசுவாசமும் வறட்சியும் சேர்ந்து காப்பாற்றிய அரசு இது என்பது என் கருத்து.

வருஷத்துக்கு ஒரு யானை கப்பமா கட்டினாங்கன்னு படிச்சேன். நீங்க கப்பமே இல்லைங்கறீங்க?

இரண்டும் பொருந்தும். நாடு முழுமைக்கும் கப்பம் இல்லை. கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே நெடுங்காலம் தகராறில் கிடந்தவை. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்காக 1803-இல் கும்பினி அவற்றைத் தொண்டைமானுக்கு வழங்கியது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆனால் யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-இல் அந்த நிபந்தனை முறைப்படி நீக்கப்பட்டது.

கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்தது எட்டப்பனா, தொண்டைமானா? நேரடியா சொல்லுங்க.

பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தரப்பு. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் தப்பிச் சென்ற கட்டபொம்மனை எட்டயபுரம் படையினர் துரத்தினார்கள். கோலார்பட்டியில் மோதல் நடந்தது. அங்கிருந்தும் அவர் தப்பினார். இறுதியில் தொண்டைமான் எல்லையைச் சேர்ந்த திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் 1789-இல் பட்டத்துக்கு வந்த விஜயரகுநாதத் தொண்டைமான்.

எட்டப்பர் என்ற பெயர் துரோகத்துக்கு அடையாளமாகிப் போனதற்கும், தொண்டைமான் பெயர் அந்த அளவு அடிபடாததற்கும் மேடை நாடகமும் திரைப்படமும் பெரிய காரணம். எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துப் பாளையம். இருவருக்கும் எல்லைப் பகை இருந்தது. கதைக்கு அது பொருத்தமான வில்லன். நூறு மைல் வடக்கே இருந்த தொண்டைமானுக்கு அந்தக் கதையில் கடைசிக் காட்சி மட்டுமே.

அது துரோகமா என்று தொடர்ந்து கேட்பார்கள். தொண்டைமான் கட்டபொம்மனின் கூட்டாளியாக ஒருநாளும் இருந்ததில்லை. மேலே திருச்சி முற்றுகை பற்றிய பதிலில் சொன்னபடி, ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கும்பினியின் கூட்டாளியாக இருந்தவர். கும்பினி கேட்டுக்கொண்டது, அவர் செய்தார். ஆகவே நம்பிக்கைத் துரோகம் என்ற சொல் பொருந்தாது. அதற்காக அச்செயலை நியாயப்படுத்தவும் தேவையில்லை: தன் அரசைக் காத்துக்கொள்ளும் கணக்கில் அவர் ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்பினார், இரண்டாண்டுகள் கழித்து மருது சகோதரர்களுக்கு எதிரான போரிலும் அதே கணக்கு தொடர்ந்தது, கீழாநிலை அந்தக் கணக்கில் கிடைத்த வரவு.

பாட்டி பெட்டியில அம்மன் காசு நிறைய இருக்கு. விலை போகுமா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அம்மன் காசு மிகச் சிறிய செப்பு நாணயம்; 20 காசு சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். அத்தனை சிறிய மதிப்புள்ள காசு ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்டுள்ள பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். வட்டம் ஒழுங்கில்லாமல் கையால் அடித்தவை பழையவை. விளிம்பு சீராக இருப்பவை 1889-ஐ ஒட்டி இயந்திர அச்சுக்கு மாறிய பின் வந்தவை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைத் தள்ளி வைப்பார்கள்.

நவராத்திரியில் அரண்மனையிலிருந்து மக்களுக்கு அரிசியோடு இக்காசையும் வழங்கும் வழக்கம் இருந்தது. புதுக்கோட்டைக் குடும்பங்கள் பலவற்றில் இது பூஜை அறையில் இருப்பதற்குக் காரணம் அதுதான். ரூபாயைப் பொறுத்தவரை சமஸ்தானத்திலும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயே செல்லுபடியானது.

சதாசிவப் பிரம்மேந்திரர் ராஜாவுக்கு மணல்ல மந்திரம் எழுதிக் கொடுத்தாராமே?

1738-ஐ ஒட்டி, விஜயரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் அந்தத் துறவியைச் சந்தித்தார் என்பதும், மௌன விரதத்தில் இருந்த அவர் உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினார் என்பதும், அந்த மணல் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டுப் பூஜையில் வைக்கப்பட்டது என்பதும் அரச மரபு. அரண்மனையில் தட்சிணாமூர்த்தி வழிபாடு சிறப்புப் பெற்றதற்கு இதையே காரணமாகக் கூறுவார்கள். மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாளின் அடிமை என்று பொருள்படும் ‘ஸ்ரீ பிரகதாம்பாதாஸ்’ என்ற பட்டத்தோடு குறித்துக்கொண்டார்கள். முன் பதிலில் வந்த நவராத்திரிக் கொடையும் இந்த வழிபாட்டின் தொடர்ச்சியே.

சேஷையா சாஸ்திரிதான் ஊரையே கட்டினார்னு புதுக்கோட்டை நண்பர் சொல்றார். மிகைதானே?

கொஞ்சம் மிகை. நேரான தெருக்களின் அமைப்பு அவருக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த பிளாக்பர்னின் ஆலோசனைக் காலத்தில் வந்துவிட்டது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் புதுக்கோட்டைக்கு வந்த சர் ஏ. சேஷையா சாஸ்திரி, 1894 வரை நிர்வாகத்தை நடத்தினார். அப்போதைய மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் செலவு கைமீறிக் கடன் பெருகியிருந்தது. அதைச் சீராக்கும் பொறுப்பு இவர் மேல் விழுந்தது.

குடிநீருக்குப் புதுக்குளம், பொதுக் கட்டடங்கள், சாலைகள் ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாதவைதான் பெரியவை என்பேன். விளைச்சலில் அரசுப் பங்கைக் களத்திலேயே அளந்து எடுக்கும் அமானி முறையை அவர் ஒழித்துப் பணமாக வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். பங்கு பிரிக்கும்வரை அறுத்த கதிரைத் தொட முடியாமல் குடியானவர் காத்திருந்த நிலையும், நடுவில் நிற்கும் ஊழியர்கள் அள்ளிக்கொண்ட பங்கும் அதோடு குறைந்தன. சாகுபடி நிலத்தின் பெரும்பகுதி கோயில், பிராமணர், படைவீரர், அரண்மனை ஊழியர் ஆகியோருக்கு இனாமாக, அதாவது அரசின் கொடை நிலமாக, போயிருந்தது. 1888-இல் அந்த இனாம்களை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியதும் அவர் காலத்தில்தான்.

ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ராஜா நாட்டை விட்டே போயிட்டாராமே?

உண்மை. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-இல் சிறுவயதில் பட்டத்துக்கு வந்தவர்; ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன், தத்தெடுக்கப்பட்டவர். 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்பர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். தம்பதியர் புதுக்கோட்டைக்கு வந்து சில மாதங்களே தங்கினார்கள். பிரிட்டிஷ் அரசு மாலியை மகாராணியாக ஏற்க மறுத்தது. 1916-இல் பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னியைப் பட்டத்துக்கு உரியவராகவும் ஏற்கவில்லை.

மன்னர் ஆஸ்திரேலியாவிலும் பின்னர் பிரான்சிலும் வாழ்ந்தார். 1922 முதல் அவருடன் பிறந்த ரகுநாத பல்லவராயர் மன்னருக்குப் பதிலாக ரீஜெண்டாக நிர்வாகம் செய்தார். 1928 மே மாதம் மன்னர் பாரிசில் இறந்தார். தகனம் லண்டனில் நடந்தது. மாலி 1967 வரை வாழ்ந்தார்.

இதைக் காதல் கதையாக மட்டுமே சொல்லும் வழக்கம் எனக்கு நிறைவளிப்பதில்லை. கப்பம் இல்லை, தனிச் சட்டம் உண்டு என்றெல்லாம் முன்னே சொன்ன அந்தத் தனித்தன்மை எந்த எல்லை வரை என்பதை இந்தத் திருமணம் காட்டிவிட்டது. வாரிசு யார் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் புதுக்கோட்டையில் இல்லை. 1928-இல் 6 வயதுச் சிறுவனாக ராஜகோபாலத் தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பிரிட்டிஷ் அரசின் முடிவால்தான்.

முத்துலட்சுமி ரெட்டியைக் காலேஜ்ல சேர்க்க ராஜாவே உத்தரவு போட்டாராமே? அது யாரு?

மேலே சொன்ன அதே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது; மன்னர் அனுமதி அளித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர் அவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் அவர் முயற்சியால் தொடங்கியது. சென்னைக்காரர்களுக்குப் புதுக்கோட்டை கொடுத்தவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

சத்தியமூர்த்தியும் அந்த ஊர்தானே? அங்கேயே அரசியல் பண்ணியிருக்கலாமே?

திருமயத்தில் 1887-இல் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். சமஸ்தானத்தில் 1902-இல் பிரதிநிதி சபையும் 1924-இல் சட்டசபையும் அமைந்தன. ஆனால் அவை ஆலோசனை சொல்லும் அளவில் நின்றவை, நிர்வாகம் அவற்றுக்குக் கட்டுப்பட்டதன்று. பேச்சாற்றலும் காங்கிரஸ் அரசியலும் கொண்ட ஒருவருக்கு அங்கே களம் போதாது. 1939-இல் சென்னை மேயரான அவர் வலியுறுத்திய பூண்டி நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1947 ஆகஸ்ட்டிலிருந்து 1948 மார்ச் வரைக்கும் புதுக்கோட்டை தனி நாடா இருந்துச்சா?

இல்லை. 1947 ஆகஸ்டிலேயே இணைப்புப் பத்திரத்தின் மூலம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் இந்திய அரசிடம் போய்விட்டன. உள்நாட்டு நிர்வாகம் மட்டும் மன்னரிடம் இருந்தது. 1948 மார்ச் 3 அன்று அதுவும் கைமாறி, சமஸ்தானம் சென்னை மாகாணத்தில் கலந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. சில லட்சம் மக்களும் மூன்று தாலுகாக்களும் கொண்ட ஓர் அரசு, நாலாபக்கமும் ஒரே மாகாணம் சூழ்ந்திருக்க, தனித்து நிற்பதற்கு வழியே இல்லை.

கடைசி ராஜா என்ன ஆனார்? அரண்மனை இப்ப இருக்கா?

ராஜகோபாலத் தொண்டைமான் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1997 ஜனவரியில் காலமானார். மன்னர் மானியம் 1971-இல் நாடு முழுவதற்கும் ஒழிக்கப்பட்டது. அவர் காலத்துப் புதிய அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் புதுக்கோட்டையில் இறங்கி, திருக்கோகர்ணத்தில் 1910-இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகத்தை முதலில் பார்க்கலாம். சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை.

எங்க தாத்தா பத்திரத்துல ‘இனாம்’னு போட்டிருக்கு. அது இப்ப செல்லுமா?

இனாம் என்ற உரிமையாகச் செல்லாது. சேஷையா சாஸ்திரி காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட இனாம்கள் (மேலே அவரைப் பற்றிய பதிலைப் பார்க்க), இணைப்புக்குப் பின் 1955-இல் புதுக்கோட்டை இனாம்களுக்கெனவே இயற்றப்பட்ட சட்டத்துக்கும், 1963-இல் மாநிலம் முழுவதற்கும் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கும் உட்பட்டன. உங்கள் குடும்பத்துக்குப் பின்னர் ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நில உரிமையாளருக்கான பட்டா) வழங்கப்பட்டதா என்பதே இன்று பார்க்க வேண்டியது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் ‘அ’ பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

குடும்ப வரலாற்றுக்காகத் தேடுபவர்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம். சென்னை அரசுக்கும் சமஸ்தானத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து அரசியல் துறை ஆவணங்களில் இருக்கிறது. முன் அனுமதி பெற வேண்டும். ஊர்ப் பெயரோடு தாலுகாவின் பழைய பெயரையும், தோராயமான ஆண்டையும் எழுதி எடுத்துச் சென்றால் ஊழியர்களுக்குத் தேடித் தர வசதியாக இருக்கும்.